மூச்சு விடாதே

ஒரே ஒரு கண்ணாடிதான், இருவருக்கும்.
ரப்பர் வார் அறுந்து
வலை நூலால் தைத்தது.
எச்சில் துப்பித் தேய்த்தால் ஆவி படியாதென்று
யெர்கோ கண்டுபிடித்தான்,
என்னைவிட எட்டு நிமிடம் மூத்தவன்.
அவன் எச்சில் வழியே நானும்
என் எச்சில் வழியே அவனும்
பார்த்தோம் முர்த்தெர் தீவின் அடியை.
பெரிதாக ஒன்றுமில்லை.
கடல் முள்ளெலிகள், ஒரு சைக்கிள் சக்கரம்,
சோடா பாட்டிலுக்குள் குடித்தனம் நடத்திய
ஒரு பேய்க்கணவாய்.

ஒருவர் இறங்கினால் மற்றவர் கரையில் எண்ணவேண்டும்.
நான் இறங்கினால் மெதுவாக எண்ணுவான்.
அவன் இறங்கும்போது
என்னை வேகமாக எண்ணச் சொல்வான்.
அப்படியும் அந்த ஆகஸ்டில்
என் தொண்ணூறுக்கு அவன் எண்பதுதான்.
மூச்சைப் பிடிப்பதில் நான் கெட்டி.
நெஞ்சு கதவைத் தட்டும்.
இரு, என்பேன்.
வயிறு துள்ளும்.
இரு, இரு.
கண்ணோரம் கறுப்புப் பூச்சி பறந்த பிறகுதான்
காலை உதைப்பேன்.

மூக்கைப் பொத்தி ஊதினால்
காதுக்குள் ஒரு 'டிக்',
தாழ்ப்பாள் விலகிய மாதிரி.
எனக்கு விலகும்.
அவனுக்கு வலது காதில் விலகாது,
விலகாமலே இறங்குவான்.
ஒரு காலையில் அவன் தலையணை உறையில்
மிளகளவு ரத்தம்.
உறையைத் திருப்பிப் போட்டான்.
"யாரிடமும் மூச்சு விடாதே, ஸோர்கா."
விடவில்லை.
அதில்தான் நான் கெட்டியாயிற்றே.

அடுத்த வருஷம்
மூடிக்கிடந்த மத்தி மீன் ஆலையில் கிளப் திறந்தார்கள்.
ராணுவம் கழித்துக்கட்டிய சிலிண்டர்கள்,
உள்ளே இழுத்தால் பழைய டயர் ருசிக்கும் காற்று.
சொல்லிக்கொடுக்க விஷ்ன்யா வந்தாள்,
இருபத்தொரு வயது, காதில் சொருகிய சிகரெட்.
கரும்பலகையில் ஒரு வரி எழுதினாள்:
மூச்சைப் பிடிக்காதே.
அடியில் இரண்டு கோடு.
பத்து மீட்டர் ஆழத்தில் நிரப்பிய நெஞ்சு
மேலே வருவதற்குள் இரு மடங்காகுமாம்.
பலூனை ஊதி, ஊதி,
எங்கள் மூக்குக்கு நேரே வெடிக்கவிட்டாள்.

எனக்கு ஏறவில்லை.
மூன்று மீட்டரில் ஒரு வாய் இழுத்துப்
பழக்க தோஷத்தில் பூட்டிக்கொண்டேன்.
கத்திப் பிடியால் என் சிலிண்டரில் தட்டினாள். டங்.
விடு.
டங்.
விடு.
கஞ்சன் வீட்டுப் பிள்ளையிடம்
பணத்தை அள்ளி இறை என்றால் எப்படி?
ஒவ்வொரு குமிழியாகக் கணக்குப் பார்த்து விட்டேன்.

பதினெட்டு மீட்டர் பரீட்சைக்குப் படகில் போனோம்.
யெர்கோ தலையை வலப்பக்கம் சாய்த்து
உள்ளங்கையால் காதைத் தட்டினான்,
தண்ணீர் வடிக்கிற மாதிரி.
இன்னும் யாரும் தண்ணீரில் இறங்கவே இல்லை.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
வேண்டாம் என்று புருவத்தால் சொன்னான்.

நெஞ்சு கதவைத் தட்டியது.
இரு, என்றேன்.
இரு, இரு.

"இவன் காதில் ரத்தம் வருது விஷ்ன்யா, போன வருஷத்திலிருந்து."

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
அவன் வால்வை மூடினாள்.
துரோகி என்று திட்டியிருந்தால் தேவலை.
கால்துடுப்புகளைக் கழற்றி
ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பார்த்து,
அடுக்கிக்கொண்டிருந்தான்.

கீழே புல்வெளி.
என் சிவப்பு வார் சேற்று நிறமானது.
என் மூச்சு எனக்கே கேட்டது,
பக்கத்து அறையில் யாரோ
மேசையை இழுப்பதுபோல.
திரும்பிப் போகச் சொல்லி
உடம்பு அவசரப்படுத்தவில்லை,
வாழ்க்கையில் முதல் தடவையாக.
மீன் வந்தது. பார்த்தேனா, ஞாபகமில்லை.
விட்ட ஒவ்வொன்றும்
குடையாக விரிந்து, பெருத்து,
அவன் இருக்கும் இடத்துக்கே போனது.

மேலே வந்தபோது
விளிம்பில் மோவாயை வைத்துக் குப்புறப் படுத்திருந்தான்.
ஏணியை இறக்கினான். முகம் கொடுக்கவில்லை.
பாதி வழி திரும்பியபின்
மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினான்:
"நானூற்றுப் பன்னிரண்டு."
"என்னது?"
"நீ விட்டது."

வேகமாகத்தான் எண்ணியிருப்பான்.